மூலிகைப் பொடி சாப்பிட்டா வயிறு எரியுதா? ‘மருந்து வேலை செய்யுது’ன்னு விட்டுடலாமா? முழு விளக்கம்

காலை ஆறு மணி. மதுரை - திருமங்கலம் நான்குவழிச் சாலையில், கப்பலூர் சுங்கச்சாவடிப் பக்கத்து டீக்கடைகளில் கூட்டம் சேர்ந்துவிடுகிறது. சிட்கோ தொழிற்பேட்டையிலும் மில்லிலும் இரவு ஷிப்ட் முடித்தவர்கள் ஒரு டீயைக் குடித்துவிட்டு வீட்டுக்குக் கிளம்புகிறார்கள். வீட்டில் சுகருக்கு ஒரு பொடி, மூட்டுவலிக்கு ஒரு கேப்சூல், “உடம்புல இருக்கிற கழிவெல்லாம் போகணும்”னு ஒரு சூரணம். வெறும் வயிற்றில் வெந்நீரோடு விழுங்கிவிட்டு அப்படியே படுத்துவிடுகிறார்கள். பத்து மணிக்கு நெஞ்செரிச்சலோடு எழுந்தால், பக்கத்து வீட்டு அக்கா சொல்லும் ஆறுதல் ஒன்றுதான்: “மருந்து வேலை செய்யுதுப்பா, அப்படித்தான் இருக்கும்.”

அந்த ஆறுதல் பெரும்பாலும் தப்பு. வயிறு எரிவதும், உப்புவதும், நாலைந்து முறை வெளியே போவதும் நோய் குணமாவதற்கான அடையாளம் இல்லை. அளவு, நேரம், சாப்பிடும் முறை இவற்றில் ஏதோ ஒன்று சரியில்லை என்று உடம்பு சொல்கிறது. பெரும்பாலான சமயம் இதை எளிதாகச் சரிசெய்துவிடலாம். ஆனால் சில சமயம் பிரச்சினை வயிற்றில் இருக்காது, கல்லீரலில் இருக்கும். இரண்டுக்கும் வித்தியாசம் தெரிந்திருப்பதுதான் முக்கியம்.

இயற்கைதானே, அப்புறம் ஏன் வயிற்றைப் புரட்டுது?

மூலிகைக்கு மருந்துக் குணம் இருக்கிறது என்று நம்பித்தான் சாப்பிடுகிறோம். மருந்துக் குணம் இருந்தால் பக்கவிளைவும் இருக்கத்தானே செய்யும்?

ஒவ்வொரு மூலிகையும் வயிற்றை ஒவ்வொரு விதமாகத் தொடுகிறது. கடுக்காய், ஆவாரம்பட்டை மாதிரி துவர்க்கும் பொருள்களில் டானின் அதிகம். வாயில் போட்டால் நாக்கு இழுத்துப் பிடிப்பது போல, வெறும் வயிற்றின் உள்சுவரையும் அது இறுக்கிப் பிடிக்கும். அதனால்தான் குமட்டல் வருகிறது. நிலவேம்பு போன்ற கடுங்கசப்புகளும் சிலருக்குக் குமட்டலைத் தரும், பசியைக் கெடுக்கும். மிளகு, திப்பிலி, சுக்கு அளவு மீறினால் எரிச்சல். வெந்தயம், இசப்கோல் போன்றவற்றில் நார்ச்சத்து அதிகம். பழக்கமில்லாத குடலில் அந்த நார் புளித்து வாயுவாக மாறும், வயிறு பலூன் மாதிரி உப்பும். அமுக்கரா சிலருக்கு வயிற்றுப்போக்கையும் குமட்டலையும் தரும்.

நாட்டில் எல்லா வாட்ஸ்அப் குரூப்பிலும் ஒரு தடவையாவது வந்திருக்கும் பொடியையே எடுத்துக்கொள்வோம். கருஞ்சீரகம், வெந்தயம், ஓமம் மூன்றையும் வறுத்து அரைத்து, இரவில் ஒரு ஸ்பூன் வெந்நீரில் கலந்து குடிக்கச் சொல்வார்கள். மூன்றுமே சமையலறைப் பொருள்கள்தான். ஆனால் குழம்புக்குத் தாளிக்கும்போது ஒருவர் தட்டுக்கு வருவது நாலு வெந்தயம். இங்கே தினமும் ஒரு குவியல் ஸ்பூன். வெந்தயத்தின் எடையில் கால் பங்குக்குக் குறையாமல் நார்ச்சத்து இருக்கிறது. அதோடு ஓமத்தின் காரமும் சேர்ந்து, ஏற்கெனவே புளித்த ஏப்பம் வரும் ஆளுக்குப் படுக்கப்போகும் நேரத்தில் போனால் என்ன ஆகும்? இதில் மூலிகையைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. அளவும் நேரமும்தான் தப்பு.

பழைய வைத்தியத்தில் இருந்ததில் எதை விட்டுவிட்டோம்?

இந்த வயிற்றுப் பிரச்சினை சித்த வைத்தியர்களுக்குத் தெரியாததில்லை. நன்றாகத் தெரிந்ததால்தான் மருந்தோடு நான்கைந்து விதிகளையும் சேர்த்தே வைத்தார்கள். இன்றைக்கு ஆன்லைனில் வாங்கும் டப்பாவில் மூலிகை மட்டும் வருகிறது, விதிகள் வருவதில்லை.

முதல் விதி சுத்தி. சுக்கு என்றால் மேல்தோலைச் சீவ வேண்டும். கடுக்காய் என்றால் உள்ளே இருக்கும் கொட்டையை நீக்கிவிட்டுச் சதையை மட்டும் எடுக்க வேண்டும். சேங்கொட்டை மாதிரியான பொருளை முறையாகச் சுத்தி செய்யாமல் தொடவே கூடாது, தோலே புண்ணாகிவிடும். வீட்டில் கடுக்காயை முழுசாக மிக்ஸியில் போட்டு அரைப்பவர்கள் இந்தப் படியைத் தாண்டிவிடுகிறார்கள்.

கற்றாழையும் அப்படித்தான். மடலை வெட்டியதும் வடியும் மஞ்சள் பாலை முழுக்க வடியவிட்டு, சோற்றை ஏழு தண்ணீரில் அலச வேண்டும் என்று நம் வீட்டுப் பெரியவர்கள் சொல்வதில் அர்த்தம் இருக்கிறது. அந்த மஞ்சள் பாலில்தான் கடும் பேதியை உண்டாக்கும் அலோயின் இருக்கிறது. அமெரிக்காவின் உணவு மற்றும் மருந்து நிர்வாகமான எஃப்.டி.ஏ, கற்றாழை சேர்ந்த பேதி மருந்துகளைக் கடைகளில் சீட்டில்லாமல் விற்பதை 2002-லேயே நிறுத்தியது. பாதுகாப்பை நிரூபிக்கும் தரவுகளை யாரும் தராததே காரணம். இங்கே அதிகாலை ஜூஸ் கடையில், அலசினார்களா இல்லையா என்று நாம் கேட்பதே இல்லை.

இரண்டாவது விதி அனுபானம், அதாவது மருந்தை எதோடு சேர்த்துச் சாப்பிட வேண்டும் என்பது. அமுக்கரா சூரணத்தைப் பாலில் கலந்து கொடுப்பார்கள். காரமான திரிகடுகு சூரணத்தைத் தேனில் குழைத்து நாக்கில் தடவச் சொல்வார்கள். சிலதுக்கு நெய், சிலதுக்கு மோர், சிலதுக்கு வெந்நீர். ருசிக்காக மட்டும் இதைச் செய்யவில்லை. காரமான பொடி வயிற்றுச் சுவரில் நேராகப் போய் ஒட்டாமல் இருக்கவும் இது உதவுகிறது. கேப்சூலில் அனுபானம் கிடையாது. செறிவாக்கப்பட்ட சாறு மொத்தமாக ஒரே இடத்தில் உடைந்து இறங்குகிறது.

மூன்றாவது நேரம். இஞ்சி, சுக்கு, கடுக்காய் மூன்றுக்கும் ஒரு நாளுக்குள்ளேயே தனித்தனி நேரம் வைத்தார்கள். நான்காவது, எத்தனை நாள் என்பது. ஒரு மண்டலம், அரை மண்டலம், மூன்று நாள் என்று கணக்கு இருந்தது. “வாழ்க்கை முழுக்க டெய்லி ஒரு ஸ்பூன்” என்ற கணக்கு எந்த வைத்தியர் சீட்டிலும் பொதுவாக இருக்காது. அது மாதாமாதம் தானாக வீட்டுக்கு வரும் ஆன்லைன் ஆர்டரின் கணக்கு.

கஷாயத்துக்கும் அளவு உண்டு. 2012-ல் டெங்கு பரவியபோது தமிழக அரசு நிலவேம்புக் குடிநீர் கொடுத்தது. அதில் நிலவேம்போடு வெட்டிவேர், விலாமிச்சை வேர், சந்தனம், பேய்ப்புடல், கோரைக்கிழங்கு, பற்படாகம், சுக்கு, மிளகு என்று ஒன்பது சரக்குகள். 2020-ல் கொரோனா காலத்தில் கொடுத்த கபசுரக் குடிநீரில் பதினைந்து சரக்குகள். இரண்டையும் தண்ணீர் நாலில் ஒரு பங்காகச் சுண்டும் வரை காய்ச்சி வடிகட்டி, அன்றன்றைக்குப் புதிதாகக் குடிக்க வேண்டும். அந்த நாள்களில் “ஒரு டம்ளர் குடிச்சா நல்லது, அப்ப ரெண்டு டம்ளர்?” என்று மூன்று வேளையும் குடித்தவர்களை நமக்குத் தெரியும். காலையில் காய்ச்சியதை சாயங்காலம் வரை வைத்துக் குடித்தவர்களையும் தெரியும். வயிற்றைப் பிசைந்தால் பழி மூலிகை மேல் போனது.

தென்மாவட்டக் கரிசலில் விளையும் ஓர் இலையின் கதை

வயிற்றைச் சுத்தம் செய்கிறோம், எடையைக் குறைக்கிறோம் என்று விற்கப்படும் பொடிகளையும் டீ பாக்கெட்டுகளையும் திருப்பிப் பாருங்கள். பலவற்றில் நிலவாகை இருக்கும். நிலாவாரை என்றும் சொல்வார்கள். திருநெல்வேலி, தூத்துக்குடி வறண்ட நிலங்களில் மானாவாரியாக விளையும் செடி இது. உலகச் சந்தையில் இதற்கு ‘தின்னவேலி சென்னா’ என்றே பெயர். நம்ம ஊர் பேர் போட்டு ஜெர்மனியிலும் அமெரிக்காவிலும் மருந்தாக விற்கிறது.

மலச்சிக்கலுக்கு இது நிச்சயமாக வேலை செய்யும் மருந்துதான், சந்தேகமில்லை. இதிலுள்ள சென்னோசைடு என்ற பொருளைப் பெருங்குடலில் இருக்கும் பாக்டீரியாக்கள் உடைக்கின்றன. அதன் பிறகு குடல் சுருங்கி விரிந்து மலத்தைத் தள்ளுகிறது. சாப்பிட்டு 6 முதல் 12 மணி நேரத்தில் பலன் தெரியும். அதனால்தான் இரவில் சாப்பிடச் சொல்கிறார்கள்.

ஆனால் ஒரு வாரத்துக்கு மேல் மருத்துவர் சொல்லாமல் இதைத் தொடரக் கூடாது என்பதே பொதுவான அறிவுரை. தினமும் எடுத்தால் வயிற்றைச் சுருட்டிப் பிடிக்கும் வலி வரும், உடம்பிலிருந்து தண்ணீரும் பொட்டாசியமும் போகும். பொட்டாசியம் குறைந்தால் கால் தசை இழுக்கும், அசதி தட்டும், இதயத் துடிப்பே தாறுமாறாகலாம். பல மாதம் தொடர்ந்தால் பெருங்குடலின் உள்சுவர் கறுத்துப்போவதை மருத்துவர்கள் கொலோனோஸ்கோப்பியில் பார்க்கிறார்கள். நிறுத்தினால் அந்தக் கறுப்பு மெல்ல மறையும். “இதில்லாம எனக்குப் போகவே மாட்டேங்குது” என்ற நிலைக்கு வருகிறவர்களும் உண்டு. எடை குறைவதும் தண்ணீர் இழப்புதான். கொழுப்பு அப்படியே இருக்கும்.

சித்திரை வெயிலில் தொழிற்பேட்டை ஷெட்டுக்குள் வியர்வை கொட்ட வேலை பார்க்கும் ஒருவர், ராத்திரி பேதிப் பொடியும் சாப்பிட்டால் இரண்டு பக்கமும் நீர் போகிறது. பிரஷர் மாத்திரையாக நீர் பிரியும் மாத்திரை எடுப்பவர் என்றால் மூன்று பக்கம்.

இங்கே இன்னொரு பெயரையும் சொல்ல வேண்டும், அதிமதுரம். வயிற்றுப்புண்ணுக்கு நல்லது என்று பலர் இனிப்பாக மென்றுகொண்டே இருப்பார்கள். அளவு கூடினால் இதுவும் பொட்டாசியத்தைக் குறைக்கும், ரத்த அழுத்தத்தையும் ஏற்றும். பேதிப் பொடியால் கெட்ட வயிற்றுக்கு அதிமதுரம் சாப்பிடுவது ஒரு பள்ளத்திலிருந்து ஏறி இன்னொன்றில் விழுகிற கதை.

நைட் ஷிப்ட்காரருக்கு ‘வெறும் வயிறு’ எது?

‘காலையில் வெறும் வயிற்றில்’ என்று டப்பாவில் எழுதியவர், இரவு தூங்கி எழுந்த ஒருவரை மனதில் வைத்துத்தான் எழுதியிருப்பார். ஷிப்ட் வேலை பார்ப்பவருக்குக் காலை ஆறு மணி என்பது உண்மையில் இரவு.

வயிற்றில் அமிலம் சுரப்பது நாள் முழுக்க ஒரே சீராக இருக்காது. பின்னிரவுக்கு முன், பத்து மணியிலிருந்து இரண்டு மணி வாக்கில் அது உச்சத்தில் இருக்கும். அந்த நேரத்தில் சாப்பாடு இல்லாமல் டீ மேல் டீயாக ஓட்டியவரின் வயிறு விடியும்போது ஏற்கெனவே எரிச்சலில்தான் இருக்கும். அதில் காரமான பொடியைப் போட்டுவிட்டு உடனே படுத்தால், பொடியும் அமிலமும் சேர்ந்து உணவுக்குழாய்க்கு ஏறும். நெஞ்செரிச்சல் வராமல் இருந்தால்தான் ஆச்சரியம்.

இவர்கள் என்ன செய்யலாம்? வீட்டுக்கு வந்ததும் இரண்டு இட்லியோ, ஒரு கிண்ணம் கஞ்சியோ முதலில். பொடி தூங்கி எழுந்து, நாளின் பெரிய சாப்பாட்டுக்குப் பிறகு. சாப்பிட்டபின் படுக்க இரண்டு மணி நேர இடைவெளி கிடைத்தால் நல்லது. கிடைக்காத நாளில் பொடியை விட்டுவிடுங்கள், ஒரு நாள் விட்டால் ஒன்றும் குறைந்துவிடாது. மருத்துவர் உறுதியாக வெறும் வயிற்றில்தான் என்று எழுதிக் கொடுத்த மருந்து என்றால், உங்கள் ஷிப்ட் நேரத்தைச் சொல்லி அவரிடமே கேட்டு மாற்றிக்கொள்ளுங்கள்.

வயிறு சரியில்லையா? முதலில் நிறுத்துங்கள்

தொந்தரவு வந்தால் அளவைக் கூட்டுவதோ, இன்னொரு பொடி சேர்ப்பதோ வேண்டாம். நிறுத்துங்கள். மருத்துவர் எழுதிக் கொடுத்த மருந்து என்றால் அவருக்கு ஒரு போன் செய்துவிட்டு நிறுத்துங்கள். மூன்று நான்கு நாளில் வயிறு அடங்கிவிட்டால் காரணம் அதுதான் என்று தெரிந்துவிடும். அடங்காவிட்டால் வேறு ஏதோ இருக்கிறது, டாக்டரைப் பார்க்க வேண்டும்.

லேசான எரிச்சலும் உப்புசமும் மட்டும்தான் இருந்தன, நிறுத்தியதும் போய்விட்டது என்றால் மறுபடி முயலலாம். இந்த முறை பாதி அளவில், சாப்பாட்டுக்குப் பிறகு, நிறைய தண்ணீரோடு. நாலைந்து நாள் பார்த்துவிட்டுக் கொஞ்சம் கூட்டலாம். ஒரு நேரத்தில் ஒரே ஒரு புதுப் பொருள்தான். சுகருக்கு, முட்டிக்கு, முடிக்கு என்று மூன்றையும் ஒரே திங்கட்கிழமை ஆரம்பித்தால் வயிற்றைக் கெடுத்தது எது என்று உங்களாலும் சொல்ல முடியாது, டாக்டராலும் சொல்ல முடியாது. காலண்டரில் ஒரு வரி குறித்து வையுங்கள்: என்ன, எவ்வளவு, எப்போது, என்ன ஆச்சு.

இசப்கோல், வெந்தயப் பொடி போன்றவற்றுக்கு ஒரு முழு டம்ளர் தண்ணீர் கட்டாயம். தண்ணீர் குறைந்தால் அது தொண்டையிலோ குடலிலோ ஊறி அடைத்துக்கொள்ளும். வயதானவர்களுக்கு இது உண்மையிலேயே ஆபத்து.

வயிற்றுப்போக்கு என்றால் ஓ.ஆர்.எஸ் பாக்கெட்டை அதில் போட்டிருக்கும் அளவுத் தண்ணீரில், பொதுவாக ஒரு லிட்டரில், முழுசாகக் கலந்து கொஞ்சம் கொஞ்சமாகக் குடிக்க வேண்டும். டம்ளரில் கால் பாக்கெட்டைக் கொட்டிக் கலக்குவது சரியான அளவைத் தராது. உப்புப் போட்ட கஞ்சி, மோர் நல்லது. சீரகத் தண்ணீர், பெருங்காய மோர் தப்பில்லை. ஆனால் ஒரு மூலிகை கெடுத்த வயிற்றுக்கு இன்னொரு மூலிகை, அதுக்கு மேலே இன்னொன்று என்று போனால் அதற்கு முடிவே இருக்காது.

மெடிக்கலில் கேட்காமல் வாங்கும் ‘கேஸ் மாத்திரை’யையும் இப்படித்தான் பார்க்க வேண்டும். பான்டோபிரசோல் எரிச்சலை அடக்கும். ஆனால் எரிச்சலுக்குக் காரணமான பொடியைத் தொடர்ந்துகொண்டே தினமும் அந்த மாத்திரையையும் போடுவது, அடுப்பை அணைக்காமல் பாத்திரத்தில் தண்ணீர் ஊற்றிக்கொண்டே இருப்பது போலத்தான். உள்ளே புண் இருந்தால் அதையும் மறைத்துவிடும்.

சுகர், பிரஷர் மாத்திரையோடு சேர்த்துச் சாப்பிடலாமா?

மெட்ஃபார்மின் சாப்பிடுகிறவர்களுக்கு ஆரம்பத்தில் வயிற்றுப்போக்கும் குமட்டலும் வருவது வழக்கம். அதோடு வெந்தயம், சிறுகுறிஞ்சான், நாவல்கொட்டைப் பொடிகளைச் சேர்த்தால் வயிறு இன்னும் கெடும், சுகரும் எதிர்பாராமல் இறங்கலாம். கை நடுங்கி வியர்த்தால் உடனே சர்க்கரையோ இனிப்போ வாயில் போட வேண்டும். “இங்கிலீஷ் மாத்திரையை நிறுத்திட்டேன், பொடி மட்டும்தான்” என்று முடிவெடுத்துவிடாதீர்கள்.

நார்ச்சத்துப் பொடியும் டானின் உள்ள பொடியும் மாத்திரைகளைக் குடல் உறிஞ்சவிடாமல் பிடித்துக்கொள்ளும். பொதுவாக இரண்டு மணி நேர இடைவெளி தேவை. தைராய்டு மாத்திரைக்கு நான்கு மணி நேரம். இரும்புச்சத்து மாத்திரையோடு கடுக்காய்ப் பொடியும் டீயும் சேரவே கூடாது.

இடைவெளி விட்டாலும் தீராத சிக்கல் ஒன்று உண்டு. ஹார்ட் ஆபரேஷன் ஆனவர்கள், ஸ்டென்ட் வைத்தவர்கள் ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை எடுப்பார்கள். அவர்கள் மஞ்சள் கேப்சூல், பூண்டு கேப்சூல், இஞ்சிச் சாறு கேப்சூல் போன்றவற்றைச் சேர்த்தால் குடலில் ரத்தம் கசியும் வாய்ப்பு கூடலாம். மூட்டுவலிக்கு டைக்ளோஃபினாக் போடுகிறவர்களுக்கு வயிற்றுச் சுவர் ஏற்கெனவே மெலிந்திருக்கும். இவர்கள் யாரும் சொந்தமாக முடிவெடுக்க வேண்டாம், டாக்டரிடம் டப்பாவையே காட்டுங்கள். “இதெல்லாம் சொன்னா திட்டுவாரு” என்று மறைப்பதுதான் பெரிய ஆபத்து.

கசக்கும் ஜூஸ்

பார்க்குகளில் வாக்கிங் போகிறவர்களுக்குக் காலையில் அருகம்புல், வல்லாரை, சுரைக்காய் ஜூஸ் விற்பார்கள். சுரைக்காய் விஷயத்தில் மட்டும் ஒரு கண்டிப்பு தேவை. சில காய்களில் குக்குர்பிட்டாசின் என்ற நச்சு அதிகமாகி கடுமையாகக் கசக்கும். 2010-ல் டெல்லியில் சுரைக்காய்ச் சாற்றைப் பாகற்காய்ச் சாற்றோடு கலந்து குடித்த ஒரு விஞ்ஞானி உயிரிழந்தார். பாகற்காயோடு கலந்துவிட்டால் சுரைக்காயின் கசப்பைப் பிரித்தறிய முடியாது. அதன் பிறகு இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் அமைத்த நிபுணர் குழு, கசக்கும் சுரைக்காய்ச் சாற்றைக் குடிக்கவே கூடாது, வேறு சாறோடு கலக்கவும் கூடாது என்றது. காயில் ஒரு துண்டை நாக்கில் வைத்துப் பாருங்கள். கசந்தால் தூக்கிப் போடுங்கள். குடித்தபின் வயிற்றுவலி, வாந்தி வந்தால் வீட்டில் காத்திருக்க வேண்டாம், ரத்த வாந்தி வரை போகும் நச்சு அது.

வயிறு என்று நினைப்போம், கல்லீரலாக இருக்கும்

குமட்டல், பசியின்மை, வலப்பக்க விலாவுக்குக் கீழே கனமான வலி, அசதி. இதெல்லாம் வெறும் அஜீரணம் மாதிரியே ஆரம்பிக்கும். சில நாளில் சிறுநீர் கடுங்காப்பி நிறத்தில் போகும், உடம்பு அரிக்கும், கண் மஞ்சளாகும்.

கொரோனா காலத்தில் நோய் எதிர்ப்புச் சக்திக்கு என்று சீந்திலை மாதக்கணக்கில் சாப்பிட்டவர்கள் நாடு முழுக்க உண்டு. 2020 செப்டம்பருக்கும் டிசம்பருக்கும் இடையே மும்பையில் ஆறு பேர் கல்லீரல் பாதிப்போடு வந்ததை அங்குள்ள மருத்துவர்கள் 2021-ல் ஆய்விதழில் பதிவு செய்தார்கள். அடுத்த ஆண்டு நாட்டின் 13 மையங்களிலிருந்து 43 நோயாளிகளின் விவரம் வெளியானது. ஆயுஷ் அமைச்சகம் இதை ஏற்கவில்லை. உண்மையான சீந்திலுக்குப் பதில் அதைப்போலவே இருக்கும் வேறு கொடியைச் சாப்பிட்டிருக்கலாம் என்றது. அந்த வாதம் எப்படி இருந்தாலும், வேலியிலிருந்து கொடியை அறுத்து வருபவருக்கு இரண்டையும் பிரித்துப் பார்க்கத் தெரியுமா என்பது தனிக் கேள்வி. ஏற்கெனவே கல்லீரல் பிரச்சினை இருப்பவர்களும், உடம்பே தன்னைத் தாக்கிக்கொள்ளும் ஆட்டோஇம்யூன் நோய் இருப்பவர்களும் சீந்திலைத் தொடாமல் இருப்பது பாதுகாப்பு.

மஞ்சளிலும் ஒரு திருப்பம் உண்டு. சாம்பாரில் போடும் மஞ்சள் பெரும்பாலும் உடம்பில் சேராமலே போய்விடும். பெங்களூரு செயின்ட் ஜான்ஸ் மருத்துவக் கல்லூரி ஆய்வாளர்கள் 1998-ல், மிளகில் உள்ள பைப்பரினைச் சேர்த்தால் குர்குமின் ரத்தத்தில் ஏறுவது மனிதர்களில் 20 மடங்கு கூடுகிறது என்று காட்டினார்கள். அந்த ஒரு கண்டுபிடிப்பை வைத்துத்தான் இன்றைக்கு ‘மிளகுச் சாறு சேர்த்தது’ என்று மஞ்சள் கேப்சூல்கள் விற்கின்றன. உறிஞ்சுவது கூடினால் பாதிப்பும் கூடலாம். இத்தாலியில் 2019-ல் மஞ்சள் சப்ளிமென்ட் எடுத்தவர்களுக்குக் கல்லீரல் அழற்சி பதிவானது. 2023-ல் ஆஸ்திரேலியாவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பும் எச்சரித்தது. சமையல் மஞ்சளைப் பற்றி இந்த எச்சரிக்கை இல்லை, அதைப் பயப்படாமல் போடுங்கள்.

கல்லீரல் அறிகுறி தெரிந்தால் பொடியை நிறுத்திவிட்டு ரத்தத்தில் கல்லீரல் பரிசோதனை செய்ய வேண்டும். இதில் ‘பாதி அளவில் மறுபடி முயலலாம்’ என்பதெல்லாம் கிடையாது. ஒருமுறை கல்லீரலைத் தாக்கிய பொருளை மறுபடி தொட்டால் இரண்டாவது தாக்குதல் முதலாவதைவிட மோசமாக இருக்கலாம்.

டப்பாவில் என்ன பார்க்கணும்?

ஒரே அலமாரியில் இரண்டு விதமான பொருள்கள் இருக்கும். சித்த, ஆயுர்வேத மருந்து என்றால் 1940-ம் ஆண்டின் மருந்துகள் மற்றும் அழகுசாதனப் பொருள்கள் சட்டப்படி தயாரிப்பு உரிம எண் இருக்க வேண்டும். உணவு சப்ளிமென்ட் என்றால் எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ-யின் 14 இலக்க எண் இருக்கும், கூடவே ‘மருத்துவப் பயன்பாட்டுக்கு அல்ல’ என்ற வாசகமும் கட்டாயம். இந்த வாசகம் போட்ட டப்பாவை ஒருவர் “சுகர் குணமாகும்” என்று விற்றால் என்ன அர்த்தம் என்று நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள். இரண்டு எண்ணும் இல்லாமல், பிளாஸ்டிக் கவரில் கட்டிக் கொடுக்கும் பொடி என்றால் அதில் என்ன இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. மூட்டுவலிப் பொடி ஒரே நாளில் மாயம்போல் வேலை செய்தால், அதில் ஸ்டீராய்டோ வலி மாத்திரையோ கலந்திருக்கலாம் என்று சந்தேகப்படுவது நியாயம்.

ஈயமும் ஒரு காரணம். 2004-ல் அமெரிக்காவின் பாஸ்டன் நகரக் கடைகளில் வாங்கிய, தெற்காசியாவில் தயாரான 70 ஆயுர்வேதப் பொருள்களைச் சோதித்தபோது 14-ல் ஈயம், பாதரசம், ஆர்சனிக் ஆகியவற்றில் ஏதாவது ஒன்றாவது இருந்தது. ஈயம் உடம்பில் சேர்ந்தால் வரும் முதல் அறிகுறிகளில் ஒன்று வயிற்றைப் பிசைந்து எடுக்கும் வலி, கூடவே மலச்சிக்கல். ஸ்கேன் எடுத்தால் ஒன்றும் தெரியாது. வயிற்றுவலிக்கு வேறு காரணம் கிடைக்காதபோது, நீங்கள் சாப்பிடும் பொடியைப் பற்றிச் சொன்னால்தான் டாக்டருக்கு ஈயத்துக்கான ரத்தப் பரிசோதனை எழுதத் தோன்றும். பற்பம், செந்தூரம் போன்ற உலோக மருந்துகளைப் பதிவு பெற்ற சித்த மருத்துவர் நேரில் பார்த்துக் கொடுத்தால் தவிர எடுக்கக் கூடாது.

எப்போது ஆஸ்பத்திரிக்கு ஓடணும்?

தார் மாதிரி கறுப்பாக மலம் போனால், வாந்தியில் ரத்தமோ காப்பித்தூள் போன்ற திட்டோ தெரிந்தால், முகமும் உதடும் வீங்கி மூச்சு இழுத்தால், கண் மஞ்சளானால், வயிற்றுப்போக்கில் சிறுநீர் குறைந்து தலைசுற்றினால் 108-ஐ அழையுங்கள். இரும்புச்சத்து மாத்திரை எடுப்பவர்களுக்கும் மலம் கறுக்கும், ஆனால் அது தார்போல் ஒட்டாது, நாறாது. சந்தேகம் இருந்தால் டாக்டரிடம் காட்டிவிடுங்கள். கர்ப்பிணிகள், பாலூட்டும் தாய்மார்கள், குழந்தைகள், எழுபது வயதைத் தாண்டியவர்கள் லேசான தொந்தரவுக்கே மருத்துவரைப் பார்ப்பது நல்லது.

இன்னொன்று, இதைப் பெரிய எழுத்தில் போட வேண்டும். நாற்பது வயதுக்கு மேல் ஒருவருக்கு மேல்வயிறும் நெஞ்சும் அழுத்தி, வியர்த்துக் கொட்டி, கையிலோ தாடையிலோ வலி பரவினால் “பொடி சாப்பிட்டேன், கேஸ்” என்று ஓமவாட்டர் குடித்துவிட்டுப் படுக்காதீர்கள். இ.சி.ஜி எடுத்துப் பார்த்து இல்லை என்று சொல்லும் வரை அது மாரடைப்புதான் என்று வைத்துக்கொள்ளுங்கள். சுகர் இருப்பவர்களுக்கு நெஞ்சுவலியே இல்லாமல் வெறும் வயிற்றுப் புரட்டலாகவும் மாரடைப்பு வரும்.

கப்பலூர்க்காரர்களுக்குத் திருமங்கலம் அரசு மருத்துவமனை பக்கம், பெரிய பிரச்சினை என்றால் மதுரை அரசு ராஜாஜி மருத்துவமனை. பல அரசு மருத்துவமனைகளிலும் ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் சித்த மருத்துவப் பிரிவு இருக்கிறது. வாட்ஸ்அப் பொடியைப் பற்றி அங்கே இலவசமாகவே கேட்கலாம். மருத்துவ ஆலோசனைக்குத் தமிழக அரசின் 104 எண்ணையும் அழைக்கலாம்.

போகும்போது டப்பா, பாக்கெட், மீதிப் பொடி எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு எடுத்துப் போங்கள். பெயர் தெரியாத பொடி என்றால் வாங்கிய கடையின் பில்லாவது. பாதிப்பு உறுதியானால் அதைப் பதிவு செய்யச் சொல்லிக் கேளுங்கள். சித்த, ஆயுர்வேத, யுனானி மருந்துகளின் பக்கவிளைவுகளைப் பதிவு செய்ய 2018 முதல் ஆயுஷ் அமைச்சகத்தின் கண்காணிப்புத் திட்டம் நடக்கிறது. தாம்பரம் சானடோரியத்தில் உள்ள தேசிய சித்த மருத்துவ நிறுவனமும் அதில் ஒரு மையம். நீங்கள் சாப்பிட்ட அதே டப்பா அடுத்த வாரம் வேறொரு வீட்டுக்கு டெலிவரி ஆகலாம், அங்கே உங்கள் பதிவு ஒருவருக்கு உதவும்.